அடைப்பு இல்லாத குழாய்

ஏழாம் அத்தியாயம்

காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் செத்தவனின் இதயத்தைப் பற்றிப் பாடம் கேட்க வேண்டுமென்று என் தலையில் எழுதியிருந்தது. என் பெயர் பாயிஸ். தொழில், தள்ளினால் மட்டும் ஓடுகிற ஓர் ஒஸ்ரின் காரை வைத்திருப்பது. அந்தக் காருக்குள் பின் ஆசனத்தில் கச்சான் கடலை உடைத்துக் கோது பரப்பிக்கொண்டு வருகிறாரே, அவர்தான் துப்பறிவாளர் இராஜநாயகம். சுங்க இலாகாவில் இருந்தபோது கப்பலில் வந்தவன் தலைமயிருக்குள் ஒளித்து வைத்ததையும் எடுத்தவர் என்று பெயர். இளைப்பாறிய பின் ஊரவர்களின் தொல்லைகளுக்குள் தலையைக் கொடுக்கிறார். கூடவே என் தலையையும் கொடுக்கிறார்.

இந்தத் தடவை வந்த தொல்லை சாதாரணமானதல்ல. திருகோணமலையிலிருந்து மூதூருக்கு ஆள் ஏற்றும் படகான லோஞ்சின் சுக்கான் பிடிக்கும் பேணாட், போன சனிக்கிழமை திரும்பும் பயணத்தில் கொட்டியாரக் குடாவின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார். மனைவி இன்பமலர் கட்டிக் கொடுத்த புட்டைச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தார், வியர்த்துக் கொட்டியது, அவ்வளவுதான். சவப்பெட்டியின் மேல் விழுந்து அழுத தங்கை றீற்றா, என்ர அண்ணனை நஞ்சு வைத்துக் கொன்றவள் இவள்தான் என்று மச்சாளின் முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கத்தினாள். புருஷன் எந்த நேரமும் தங்கை வீடே கதியென்று ஓடுகிறார் என்று இன்பமலர் சண்டை பிடித்தது அயலெல்லாம் கேட்டிருந்தது. போதாக்குறைக்கு, சவத்தை வெட்டிப் பார்த்த டொக்டர், இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஒன்றிலும் அடைப்பு இல்லை என்று எழுதிவிட்டார்.

அடைப்பு இல்லையென்றால் மாரடைப்பு இல்லை, மாரடைப்பு இல்லையென்றால் நஞ்சு. இது எங்கள் இன்ஸ்பெக்டரின் கணக்கு. கொழும்புக்கு அனுப்பிய இரைப்பைக்கு மறுமொழி வர மாதக்கணக்கில் செல்லும். அதுவரை பொறுக்க மனுஷனுக்கு ஏலாது. இன்பமலரைச் சிறை மறியலில் பூட்டிப் போட்டாயிற்று. நாளைக் காலை நீதவான் முன்னிலையில் கொலைக் குற்றம் சாட்டப்போகிறார். தூக்குக் கயிறு திரும்பவும் வந்துவிட்ட காலம் இது. அவளுடைய தாய் எங்கள் வாசலில் வந்து விழுந்து கிடந்தாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் பகிடி வரவில்லை, எனக்கே என்னை யாரென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் காசிநாதர் எங்களைத் தன் அறையில் இருத்தினார். பேணாட் உயிரோடு இருந்தபோது மருந்து கொடுத்தவரும் அவர்தான், செத்தபின் வெட்டியவரும் அவர்தான். ஆள் நல்லாக நித்திரை கொண்டு நாளாகியிருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. நான் எழுதியது ஒரு பக்கம், இன்ஸ்பெக்டர் வாசித்தது ஒரு வரி என்று தொடங்கினார். குழாய்கள் சுத்தமாக இருந்தது உண்மை. ஆனால் இதயத்தின் உட்பக்கச் சதை இரத்தம் கிடைக்காமல் பட்டினி கிடந்து செத்திருந்ததும் உண்மை. அதையும் எழுதியிருந்தாராம்.

குழாய் சுத்தமென்றால் பட்டினி எங்கிருந்து வந்தது என்று இராஜநாயகம் கேட்டார். டொக்டர் என்னைப் பார்த்தார். கையை இறுக்கிப் பொத்தச் சொன்னார். பொத்தினேன். விரிக்கச் சொன்னார். உள்ளங்கை வெள்ளையாகக் கிடந்து, பிறகு மெல்லச் சிவந்தது. இனி விடாமல் பொத்திப் பொத்தி விரியும் என்றார். செய்தேன். சிவப்பு வர நேரமே கிடைக்கவில்லை, கை வெளிறியபடியே கிடந்தது.

“இதயமும் சதைதான். உடம்புக்கெல்லாம் இரத்தம் அனுப்புற அது, தன்ர சதைக்கு எப்ப எடுக்குது தெரியுமோ? சுருங்கேக்க இல்லை. சுருங்கேக்க தன்ர குழாயளைத் தானே நெரிச்சுப்போடும். ஓய்ஞ்சு விரியிற அந்தக் கொஞ்ச நேரத்திலதான் பெரும்பங்கு உள்ள போகும்” என்றார் டொக்டர். “பேணாட்டுக்குச் சின்ன வயசுக் காய்ச்சலில இதயத்தின்ர கதவு ஒண்டு பழுதாப் போச்சு. அதால துடிப்பில ஒழுங்கில்லை. ஒண்டு முடிய முதல் மற்றது வந்து விழும். சில துடிப்பு இரத்தம் நிரம்ப முதலே சுருங்கும், அது கை நாடிக்குக்கூட வந்து சேராது. ஓய்வும் போச்சு, குழாயில அமுக்கமும் போச்சு. பிறகு குழாய் சுத்தமாக் கிடந்து என்ன பிரயோசனம்?”

கலியாண வீட்டுச் சமையற்காரனின் கதைதான் என்று நான் சொன்னேன். பந்தி எழும்பினால்தான் அவனுக்குச் சோறு. பந்திக்கு மேல் பந்தியாகச் சனம் வந்து குந்தினால், சட்டி நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே பசியில் விழுவான். டொக்டர் சிரிக்கவில்லை. ஓம், அப்படித்தான் விழுந்தவர் என்றார்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நஞ்சு இல்லை, நோய் வருத்தம்தான். இன்பமலரை இன்றைக்கே கூட்டிக்கொண்டு வரலாம் என்று எழும்பினேன். இராஜநாயகம் எழும்பவில்லை. கச்சான் கோதொன்றை விரலால் நசித்தபடி, அந்த ஓட்டத்தை அடக்க மருந்து இல்லையா என்று கேட்டார்.

இருக்கிறது. சின்ன வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று. டொக்டர் அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். மாதா மாதம் கணக்காகத்தான் கொடுப்பது, கூட ஒன்றும் கொடுப்பதில்லை. இரண்டு வருஷமாக அந்தக் குளிசையில் பேணாட்டின் இதயம் அடங்கி நடந்தது. கடைசியாக வந்தபோது மட்டும் நாடி குதிரையாக ஓடியதாம். குளிசை போடுகிறீரா என்று கேட்டதற்கு, ஓம் ஐயா, ஒரு நாளும் தவறவிடுவதில்லை என்று பேணாட் சத்தியம் பண்ணாத குறை. ஆனால் போடுகிறவருக்கு அப்படி ஓடாது என்று டொக்டர் சொன்னார்.

“அப்ப குளிசையை ஆர் குடுக்கிறது?” என்று இராஜநாயகம் கேட்டார்.

“மனுசிதான். தன்ர கையால குடுக்கிறனான் எண்டு அவவே என்னட்டைச் சொன்னவ.”

வெளியே வந்ததும் இராஜநாயகம் காரில் ஏறாமல் நின்றார். இன்ஸ்பெக்டரிடம் இதைக் கொண்டுபோனால் நன்றி சொல்லுவான் என்றார். நஞ்சைக் கொடுத்துக் கொன்றாள் என்றால் நஞ்சைக் காட்ட வேண்டும். மருந்தைக் கொடுக்காமல் கொன்றாள் என்றால் ஒன்றையும் காட்டத் தேவையில்லை. காப்பாற்றப் போய் அவளுடைய கழுத்தில் முடிச்சை இறுக்கிவிட்டோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூ, இப்படியும் ஒரு துப்பறிதலா என்று எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு காரைத் தள்ளினேன்.

மறியலில் இன்பமலரைப் பார்க்க ஐந்து நிமிஷம் விட்டார்கள். முகம் காய்ந்து போயிருந்தது. ஒவ்வொரு நாளும் விடியத் தேத்தண்ணியோடு குளிசையை அவர் உள்ளங்கையில் வைத்ததாகச் சொன்னாள். வாயில் போட்டதைக் கண்டாளா என்று இராஜநாயகம் கேட்டார். அவள் யோசித்தாள். முந்தியெல்லாம் கண்டிருக்கிறாள். பிந்தி, வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது, லோஞ்சில் போய்ப் போடுகிறேன் என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போவாராம். நான் நம்பிவிட்டேன் ஐயா என்று அவள் சொன்னதில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

நேரே இறங்குதுறைக்குப் போனோம். லோஞ்சில் கயிறு பிடிக்கும் வேலன் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். பேணாட் விழுந்தபோது சுக்கானைப் பாய்ந்து பிடித்து அத்தனை சனத்தையும் கரை சேர்த்தவன் அவன். பொலிஸ் சாப்பாட்டுப் பெட்டியை மட்டும்தான் கொண்டுபோனதாம். பேணாட்டின் பை இன்னும் சுக்கானுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. இராஜநாயகம் அதைக் கொட்டினார். ஒரு துவாய், ஒரு செபமாலை, ஒரு வெறும் நெருப்புப்பெட்டி.

பீடி குடித்த பெட்டியாக்கும் என்றேன். இல்லை, நெஞ்சு வருத்தம் வந்த அன்றே சுக்கானியார் பீடியைக் கடலில் எறிந்தவர் என்று வேலன் சொன்னான். இராஜநாயகம் பெட்டியைத் திறந்து மூலையை நகத்தால் சுரண்டினார். வெள்ளைத் தூள். அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். நஞ்சு வழக்கை நக்கிப் பார்த்து விசாரிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான், உங்களுக்கு ஏதும் நடந்தால் என் கார்க் கூலியை யாரிடம் கேட்கிறது என்றேன். கசந்து கைக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பிறகு வேலனை இருத்தி விசாரித்தார். சனிக்கிழமைகளில் மூதூர்த் துறையில் தங்கை றீற்றா தயிர்ச் சட்டியோடு வந்து நிற்பாள். சுக்கானியார் அவளுக்கு ஒரு நெருப்புப்பெட்டி கொடுப்பார். அவள் போன கிழமைப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பாள். மூதூர்க் கடைகளில் நெருப்புப்பெட்டி விற்கிறதில்லையோ என்று வேலன் பகிடி விட்டால், பேணாட் சிரித்துக்கொண்டு சுக்கானைத் திருப்புவார். செத்த அன்றும் கொடுத்தாரா என்று கேட்டதற்கு, ஓம், கொடுத்துவிட்டு வந்துதான் விழுந்தவர் என்றான்.

எனக்கு உடனே கடத்தல்தான் மனதில் வந்தது. தங்கத்தூள், இரத்தினக்கல், என்னவாவது. இராஜநாயகம் தலையை ஆட்டினார்.

“பாயிஸ், நீர் ஆருக்கும் வெறும் நெருப்புப்பெட்டியைத் திருப்பிக் குடுத்திருக்கிறீரோ? குச்சி முடிஞ்சா எறிவினம். திருப்பிக் குடுக்கிறதெண்டா, அது நிரப்பி வாறதுக்குத்தான்.”

அந்த லோஞ்சிலேயே மூதூருக்குப் போனோம். கடல் தகரம் போலக் கிடந்தது. வேலன் சுக்கானைப் பிடித்தபடி, சுக்கானியார் விழுந்த இடம் இதுதான் என்று ஒரு தடவை கையைக் காட்டினான். பெட்டிக்குள் போனது பேணாட்டின் குளிசைதான் என்று எனக்கும் அதற்குள் விளங்கிவிட்டது. எனக்குள் ஒரே எரிச்சல். அண்ணனின் மருந்தைத் தின்றுவிட்டு, மச்சாளை நஞ்சுக்காரி என்கிறாளே, என்ன நெஞ்சு இவளுக்கு என்று வழி முழுக்கப் பொருமிக்கொண்டு வந்தேன்.

றீற்றாவின் வீட்டில் செத்த வீட்டுக்குரிய அமைதி. முன் கூடமான சாலைக்குள் கதிரையில் பருமனான ஓர் அம்மாள், முழங்காலில் கைப்பை வைத்துக்கொண்டு இருந்தாள். இலங்கைத்துறையிலிருந்து வந்த ஞானமலர். றீற்றாவின் மகளைத் தன் மகனுக்குப் பேசி முடித்திருக்கிறாளாம். துக்க வீடென்றபடியால் கலியாணத்தைப் பின்போடுவதா, கோயிலில் சுருக்கமாக முடிப்பதா என்று கதைக்க வந்திருந்தாள். பெண் கதவோரம் நின்றாள். தலையில் எண்ணெய் இல்லை, முகம் அழுது வீங்கியிருந்தது. நாங்கள் மரண விசாரணை பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றதும் றீற்றா எங்களைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

இராஜநாயகம் நெருப்புப்பெட்டியை அடுப்புத் திட்டில் வைத்தார்.

றீற்றா அதைப் பார்த்தாள், சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் மகளின் தலையில் மண்ணைப் போட்டுவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். இல்லையென்று மறுப்பாள், கத்துவாள், பிடித்து மடக்கலாம் என்று நான் நினைத்து வந்திருந்தேன். அவள் எல்லாவற்றையும் தானாகவே சொன்னாள். அண்ணனுக்கு வந்த அதே காய்ச்சல் சின்ன வயதில் அவளுக்கும் வந்தது. போன மாரியில் நெஞ்சு படபடத்துக் கிணற்றடியில் விழுந்தாள். கலியாணம் பேசுகிற நேரம் அது. தாய்க்கு நெஞ்சு வருத்தம் என்றால் மகளுக்கும் இருக்கும் என்று வந்த சம்பந்தம் வாசலோடு திரும்பிவிடும். திருகோணமலை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் போய் இருந்தால் மூதூர்ச் சனம் பாதி கண்டுவிடும். அண்ணன்தான் வழி சொன்னார். கலியாணம் முடியுமட்டும் பொறு, நான் மருந்து தாறேன் என்றார். எவரும் ஐமிச்சமோ சந்தேகமோ படாமல் நெருப்புப்பெட்டியில் வரும்.

“லோஞ்ச்காரருக்கு டொக்டர் இரட்டைப் பங்கு தாறவர் எண்டு அண்ணன் சொன்னவர்” என்றாள். “கடல்ல போற ஆக்கள் எண்டபடியா.”

இராஜநாயகத்துக்கு அந்த நேரம் கச்சான் தேவைப்படவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். இதயம் ஒழுங்கு கெட்டு ஓடினால் தன் சதைக்கே இரத்தம் எடுக்க ஓய்வு கிடைக்காது. குழாயில் அடைப்பு வேண்டியதில்லை, நஞ்சும் வேண்டியதில்லை. அந்த ஓட்டத்தைப் பிடித்து வைப்பது இந்தக் குளிசை ஒன்றுதான். அதில் இரட்டைப் பங்கு என்று ஒன்று ஆஸ்பத்திரியில் கிடையாது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

“அப்ப அண்ணன் என்னத்தைப் போட்டவர்?”

“ஒண்டும் போடேல்லை, தங்கச்சி.”

அவள் திட்டைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.  சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். வழி நெடுக நான் சேர்த்து வைத்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நஞ்சு என்று கத்தியவள், தான் நம்பியதைத்தான் கத்தியிருக்கிறாள். அண்ணன் நன்றாக இருக்கிறார், வீட்டுச் சாப்பாட்டில்தான் ஏதோ என்று முழுமனதாக நம்பியிருக்கிறாள்.

இராஜநாயகம் அவளுக்கு முன்னால் குந்தினார். நாளைக் காலை இன்பமலரைக் கொலைகாரி என்று நிறுத்தப்போகிறார்கள், இந்த வெறும் பெட்டியை எந்த நீதவானும் மதிக்க மாட்டார், குளிசை எங்கே போனதென்று சொல்லக்கூடியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்றார். சொன்னால் ஊர் முழுக்கத் தெரியவரும், அதையும் நான் மறைக்கவில்லை என்றார்.

“கலியாணம் முடிய வந்து சொல்லுறனே ஐயா” என்று றீற்றா கெஞ்சினாள். “ஒரு மாசம். அவளைக் கரை சேர்த்திட்டு வந்து முழுக்கச் சொல்லுறன்.”

எனக்கு வாய் பொறுக்கவில்லை. ஒரு மாதத்தில் உங்கள் மச்சாள் மறியலில் பைத்தியமாகிவிடுவாள் என்றேன். அவள் செய்த குற்றம் புருஷன் சொன்னதையெல்லாம் நம்பியது, நீங்கள் நம்பினீர்களே, அதே மாதிரி என்றேன். இராஜநாயகம் என் தோளில் கை வைத்து நிறுத்தினார். நல்லகாலம் நிறுத்தினார், இன்னும் மோசமாக ஏதும் சொல்லியிருப்பேன்.

 முற்றத்தில் கோழியொன்று கிளறிக்கொண்டிருந்தது. சாலைக்குள் ஞானமலர் இருமுவது கேட்டது. பிறகு றீற்றா எழும்பினாள். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு நெருப்புப்பெட்டியை எடுத்தாள். கடைசியாக வந்த பெட்டி. முகத்தைத் துடைக்கவுமில்லை. கதவைத் திறந்து நேரே சாலைக்குள் போய் அந்த அம்மாளுக்கு முன்னால் நின்றாள்.

“அக்கா, எனக்கு நெஞ்சு வருத்தம். சின்ன வயசில இருந்து கிடக்கு, உங்களுக்கு ஒளிச்சிட்டன். அண்ணனுக்கும் அதுதான். அவரின்ர மருந்தை நான் திண்டுபோட்டன், அதால அவர் செத்தவர். மச்சாள் ஒரு பாவமும் செய்யேல்லை. நாளைக்குக் கோட்டில போய் இதைச் சொல்லப்போறன். அதுக்கு முதல் உங்களுக்குச் சொல்லோணும்.”

ஞானமலர் கதவோரம் நின்ற பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். நெஞ்சுப் பக்கம்தான் பார்த்தாள், வருத்தம் வெளியே தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி, கடைசி வஸ்ஸைப் பிடிக்க வேணும் என்று சொன்னாள். தேத்தண்ணி தொடாமல் கிடந்தது. படலை சாத்தப்படும் சத்தம் கேட்டது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க அவள் பின்னால் ஓடலாம் போல எனக்குக் கால் துடித்தது, இராஜநாயகம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

றீற்றா நெருப்புப்பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தபடி நின்றாள்.

“இதில இன்னும் மிச்சம் கிடக்கு ஐயா. இண்டைக்குரியது போடேல்லை. இனி இதை நான் போடுறதோ, விடுறதோ?”

  இராஜநாயகம்தான் சொன்னார், போடுங்கோ, நாளைக்குக் கோட்டுக்கு உயிரோட வரவேணும், பிறகு நானே டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன் என்று.

அவள் ஒரு குளிசையை எடுத்து நாக்கில் வைத்தாள். விழுங்க முடியவில்லை. வாய் கோணி, கண்ணீர் வழிய, அதை வைத்துக்கொண்டே நின்றாள். கதவோரம் நின்ற மகள் குசினிக்குப் போய் ஒரு பேணி தண்ணீர் கொண்டுவந்து, தாயின் பிடரியைத் தாங்கிப் பிடித்துப் பருக்கினாள்.